வட்டு விம்பமும் கணினியின் மீட்சியும்

ஏட்டுச்சுவடி வழங்கிய காலத்தில் நூலொன்றைக் காப்பதற்குத் தமிழர் அறிந்திருந்த வழி ஒன்றே. அதுவே ஏட்டைப் பெயர்த்தெழுதுதல். ஓலையைச் செல்லும் பூச்சியும் அரிக்கும். ஈரம் உளுக்கச் செய்யும். ஆகவே பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் அதனை எழுதிவைத்தல் கற்றோர் கடனாயிற்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றியபோது அவர் கையிலிருந்தவை இவ்வாறு கைமாறிக் கைமாறி வந்த பிரதிகளே. பெயர்த்தெழுதினோர் நூலின் சொற்களை எழுதினரேயன்றி ஓலையின் துளைகளையும், ஓரத்து முறிவுகளையும், எழுதப்படாத இடைவெளிகளையும் எழுதினாரல்லர். ஓர் ஏட்டை ஒளிப்படம் எடுப்பவனோ சொல், துளை, முறிவு, வெற்றிடம் என்னும் வேறுபாடின்றி யாவற்றையும் இருந்தவாறே பதிவு செய்கின்றான்.

கணினியிலுள்ளவற்றைக் காப்பதிலும் இவ்விருவகையும் உண்டு. கோப்புகளை மட்டும் வேறோரிடத்திற் படியெடுத்து வைத்தல் பெயர்த்தெழுதுதலை ஒக்கும். வட்டிலே பதிந்து கிடக்கும் பைற்றுகளை அவை கிடந்த ஒழுங்கிலேயே ஒரு பெருங்கோப்பாகத் திரட்டி வைத்தல் ஒளிப்படத்தை ஒக்கும். இப்பின்னையதே வட்டு விம்பம் எனப்படுவது. இக்கட்டுரை சிறப்பாகப் பணிசெயல் முறைமை உறையும் பிரிவுகளை விம்பமெடுத்தலையும், அவ்விம்பத்திலிருந்து கணினியை மீட்டலையும் பற்றியதாகும்.

கோப்புகளைப் படியெடுத்தால் போதாதோ என்னும் ஐயம் இயல்பாகவே எழும். கட்டுரை, கணக்கு, ஒளிப்படம் முதலியவற்றுக்கு அது போதும். பணிசெயல் முறைமைக்கோ போதாது. விண்டோஸ் நிறுவப்பெற்ற பிரிவொன்றிலுள்ள கோப்புகள் அனைத்தையும் ஒன்றும் விடாது வேறொரு வட்டிற் படியெடுத்து, அவ்வட்டைக் கணினியிற் பொருத்தி மின்னாளியை அழுத்தினால் கணினி எழாது. காரணம், கணினியை எழுப்புவதற்கு வேண்டிய செய்திகளுட் சில கோப்பு வடிவில் இல்லாமையே. அவை வட்டின் தலைப்பகுதியில் எக்கோப்பினுள்ளும் அடங்காது நிற்கின்றன.

அத்தலைப்பகுதியின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். வட்டின் இடம் துண்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. நெடுங்காலம் ஒரு துண்டம் 512 பைற்று அளவினதாகவே இருந்தது. அண்மைக்கால வட்டுகளில் 4096 பைற்றுத் துண்டங்களும் உள. 1983 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். தனியாட் கணினிகளுக்கு வந்த டொஸ் 2.0 வன்வட்டைப் பிரிவுகளாக்கும் முறையைக் கொணர்ந்தது. அம்முறைப்படி வட்டின் முதற் துண்டம் தலைமை எழுப்பற் பதிவாகும். அதன் 512 பைற்றுகளில் முதல் 446 கணினியை எழுப்பும் சிறு செய்நிரலுக்கும், அடுத்த 64 பிரிவு அட்டவணைக்கும், எஞ்சிய 2 அடையாளக் குறிக்கும் உரியன. அட்டவணையில் ஒரு பிரிவுக்கு 16 பைற்று. ஆகவே நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் இடமில்லை. துண்ட எண்ணைக் குறிக்க 32 இருமக்குறிகளே ஒதுக்கப்பட்டமையால் ஏறத்தாழ 2.2 ரெறாபைற்றுக்கு மேற்பட்ட வட்டை இவ்வட்டவணையால் அளந்து கூறவும் முடியாது. அன்று இவ்வெல்லை எட்டாத் தொலைவிலிருந்தது. இன்று கடையிற் கைநீட்டி வாங்கும் புறவட்டே அதனைத் தாண்டிவிடுகின்றது.

இக்குறைகளை நீக்க எழுந்தது ஜி.பி.ரி. என்னும் புதிய அட்டவணை. பொதுவாக 128 பிரிவுகளுக்கு இடந்தருவதொடு, அது தன்னைத்தானே காக்கும் ஓர் ஏற்பாட்டையும் உடையது: அட்டவணை வட்டின் தொடக்கத்தில் ஒருமுறையும் இறுதியில் ஒருமுறையுமாக இருமுறை எழுதப்படுகின்றது. தலைப்பகுதி கெடினும் வாற்பகுதியிலிருந்து மீட்கலாம். 1999 ஆம் ஆண்டு ஏப்ரில் 26 இல் சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல் உலகெங்கும் கணினிகளைத் தாக்கியபோது வட்டின் முதல் ஒரு மெகாபைற்று இடத்தைச் சுழியங்களால் நிரப்பியே அவற்றை முடமாக்கியது என்பதை நினைவுகொள்ளின், இவ்விரட்டைப் பதிவின் அருமை விளங்கும். அக்கணினிகளில் மக்களின் கோப்புகளிற் பெரும்பாலானவை வட்டில் அப்படியே கிடந்தன. அவை எங்கே தொடங்குகின்றன என்று கூறும் ஏடுதான் இல்லாமற் போயிற்று.

இன்று விண்டோஸ் நிறுவப்பெற்ற கணினியொன்றின் வட்டைத் திறந்து பார்ப்பவர், தாம் நாளும் காணும் ‘சி’ பிரிவைத் தவிர வேறு சிலவற்றையும் அங்கே காண்பர். கணினியை எழுப்பும் கோப்புகள் உள்ள சிறு பிரிவொன்று. மைக்ரோசொப்ட் தனக்கென ஒதுக்கிய 16 மெகாபைற்றுப் பிரிவொன்று. பழுது பார்த்தற்கான மீட்புப் பிரிவொன்று. இவற்றுக்கு எழுத்துப் பெயர் இடப்படாமையால் பலர் இவை இருப்பதையே அறியார். ‘சி’ பிரிவை மட்டும் விம்பமெடுத்து வைத்துவிட்டுப் புதிய வட்டில் அதனை இறக்கிய பின், கணினி ஏன் எழவில்லை என்று திகைப்போர் இவ்வறியாமையாலேயே திகைக்கின்றனர். ஆகவே முறைமைப் பிரிவுகள் அனைத்தையும் ஒருங்கே எடுத்தல் வேண்டும். இயலுமாயின் முழுவட்டையுமே எடுத்தல் நன்று.

விம்பமெடுக்கும் முறை இரண்டு. பயன்பாட்டில் உள்ளது, இல்லாதது என்று பாராமல் முதற் துண்டம் தொடங்கி ஈற்றுத் துண்டம் வரை யாவற்றையும் எடுத்தல் ஒன்று. 1970களில் யுனிக்ஸ் முறைமையில் தோன்றி லினக்சில் இன்றும் வழங்கும் ‘டிடி’ என்னும் சிறு கட்டளை இதனைச் செய்யும். 500 கிகாபைற்று வட்டில் 40 கிகாபைற்றே நிறைந்திருந்தாலும் இம்முறை 500 கிகாபைற்றையும் வாசிக்கும். மற்றையது, கோப்பு முறைமையின் ஒதுக்கீட்டுப் பதிவை முதலில் வாசித்து, எவ்வெத் துண்டங்கள் பயன்பாட்டில் உள்ளனவென அறிந்து அவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் இருந்த இடத்தையும் குறித்துக்கொள்ளுதல். பெரும்பாலார் இன்று கைக்கொள்வது இதுவே. எடுத்ததைச் செறிவாக்கியும் வைப்பதால் விம்பம் மூலத்திலும் பெரிதும் சிறுத்துவிடும். முதல் முறை பயனற்றதென்று கொள்ளற்க. அழிந்த கோப்பைத் தேடுவோர்க்கும், குற்ற விசாரணையாளர்க்கும், கோப்பு முறைமையே சிதைந்துபோன வட்டை ஆராய்வோர்க்கும் வெற்றிடமும் வேண்டும். மறைகுறியாக்கப்பட்ட பிரிவைப் பூட்டைத் திறவாமல் வெளியிலிருந்து எடுக்குங்கால் எது நிறைந்தது, எது வெறுமை என்று கருவியால் அறிய இயலாமையின், அங்கும் முழுவதையும் எடுப்பதன்றி வழியில்லை. அவ்விம்பம் செறிவுக்கும் இணங்காது.

இயங்கிக்கொண்டிருக்கும் கணினியை விம்பமெடுத்தலில் ஓரிடர்ப்பாடு உண்டு. ஒளிப்படக்காரன் முன்னே குழந்தை அசைந்தால் முகம் கலங்கிப் பதியும். அதுபோல, வட்டின் தலைப்பகுதியை வாசித்து நடுப்பகுதிக்கு வருமுன் பணிசெயல் முறைமை தலைப்பகுதியில் எதையேனும் மாற்றி எழுதிவிடுமாயின், விம்பத்தின் ஒருபாதி ஒரு கணத்தையும் மறுபாதி வேறொரு கணத்தையும் காட்டும். இதற்கு மாற்று இரண்டு. கணினியை அதன் சொந்த வட்டிலிருந்து எழுப்பாது, மீட்பு மென்பொருள் அடங்கிய யு.எஸ்.பி. குச்சியிலிருந்து எழுப்பினால் வட்டு உறங்கும் நிலையிலிருக்கும்; அந்நிலையில் அதனை எடுத்தல் ஒன்று. விண்டோஸ் தானே அளிக்கும் நிழற்படி வசதியைக் கொண்டு ஒரு கணத்து நிலையை உறையச்செய்து எடுத்தல் மற்றொன்று. முன்னையது எளிமையும் தெளிவும் உடையது. வேலை நிறுத்தப்படக் கூடாத சேவையகங்களுக்குப் பின்னையது இன்றியமையாதது.

கருவிகளின் வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். 1990களின் நடுவில் நியூசிலாந்தில் உருவான ‘கோஸ்ற்’ என்னும் மென்பொருளே இக்கலையை ஊரறியச் செய்தது. அதனைச் சிமான்ரெக் நிறுவனம் 1998 இல் வாங்கிற்று. தனிப் பயனாளர்க்கான பதிப்பு 2013 இல் நிறுத்தப்பட்டது. விற்பனை நின்ற பின்னரும் பெயர் நிற்கின்றது: விம்பமெடுத்தலைக் ‘கோஸ்ற் எடுத்தல்’ என்று கூறும் திருத்துநர் இன்றும் உளர். விண்டோசினுள்ளேயே முறைமை விம்பம் எடுக்கும் வசதி உண்டெனினும், 2017 இல் மைக்ரோசொப்ட் அதனைக் கைவிடப்படும் வசதிகளின் வரிசையிற் சேர்த்து, வேறு கருவிகளை நாடுமாறு அறிவுறுத்தியது. இலவசமாகக் கிடைப்பனவற்றுள் தைவான் நாட்டு உயர்வேகக் கணிப்புக்கான தேசிய நிலையத்தில் உருவான ‘குளோன்சில்லா’ சிறப்புடையது. அதன் திரை கறுப்பும் நீலமுமாய்ப் பழைய காலத்தை நினைவூட்டும், அழகில்லை, ஆயினும் தன் வேலையைச் செவ்வனே செய்யும்.

திருநெல்வேலியில் இவ்வறிவு ஏன் வேண்டப்படுகின்றது என்பதற்கு நெடிய விளக்கம் தேவையில்லை. பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளாகத்தில் 1974 இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இன்று அவ்வூரை மாணவர் ஊராக்கிவிட்டது. வாடகை அறைதோறும் மடிக்கணினி உண்டு. அது பழுதுற்றால் பெரும்பாலும் செய்யப்படுவது ‘போமற் அடித்தல்’ என்று வழங்கும் ஒரே வைத்தியம்: வட்டை வெறுமையாக்கி விண்டோசைப் புதிதாக நிறுவுதல். அதன் பின்னர் ஒவ்வொரு மென்பொருளையும், ஒவ்வொரு சாதன இயக்கியையும், தமிழ் விசைப்பலகையையும் ஒன்றொன்றாகத் திரும்ப நிறுவவேண்டும். நாள் ஒன்றோ இரண்டோ கழியும். முன்னரே விம்பமொன்று இருக்குமாயின் அவ்வேலை ஒரு மணித்தியாலத்திற்குள் முடிந்துவிடும். 2022 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய காலத்தை அனுபவித்தோர்க்கு, எழுதிக்கொண்டிருக்கும் வட்டில் மின் திடீரென நின்றால் என்ன நேரும் என்பதும் சொல்லாமலே விளங்கும்.

மீட்டலுக்கு வருவோம். யு.எஸ்.பி. குச்சியிலிருந்து கணினியை எழுப்பி, விம்பம் உள்ள புறவட்டை இணைத்து, எந்த விம்பம், எந்த வட்டுக்கு என்று கருவி கேட்பவற்றுக்கு விடையளித்தால் மீதியைக் கருவியே செய்யும். இலக்கு வட்டு மூலத்திற் சிறியதாயிருத்தல் பொதுவாக ஆகாது. செயல்முறை இவ்வளவே. ஆயினும் அழிவு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். விம்பத்தை இறக்குதல் என்பது இலக்குப் பிரிவிலுள்ள அனைத்தையும் துடைத்துவிட்டு எழுதுதலாம். ஆறு மாதத்திற்கு முன் எடுத்த விம்பத்தை இறக்குபவர் கணினியை ஆறு மாதத்திற்கு முந்திய நிலைக்குக் கொண்டுசெல்கின்றார். இடைப்பட்ட காலத்தில் அப்பிரிவில் எழுதப்பட்டன யாவும் போகும். விண்டோசின் முகப்புத் திரையும் ‘ஆவணங்கள்’ என்னும் அடைவும் இருப்பது ‘சி’ பிரிவிலேயே. ஆய்வேட்டை முகப்புத் திரையில் வைத்திருக்கும் மாணவன், கணினியைக் குணமாக்கும் ஆர்வத்தில் அதனைத் தானே அழித்துவிடுகின்றான். திண்மநிலை வட்டுகளில் அழிந்ததைத் தேடியெடுத்தலும் பெரும்பாலும் கைகூடாது. ஆதலால் முறைமைக்கு ஒரு பிரிவு, சொந்த ஆக்கங்களுக்கு வேறொரு பிரிவு என முதலிலேயே வகுத்துக்கொள்ளுதலும், மீட்கத் தொடங்குமுன் ‘சி’ பிரிவிற் கிடப்பனவற்றைக் கோப்பாகப் படியெடுத்துக்கொள்ளுதலும் வேண்டும்.

மூலத்தையும் இலக்கையும் மாறிக் கொள்ளுதல் இதனிலும் கொடிது. வெறும் வட்டை நிறைந்த வட்டின்மேல் எழுதிவிடின் வெறுமையே செம்மையாகப் படியெடுக்கப்படும். கருவி எச்சரிக்கும், ஆனால் எச்சரிக்கையை வாசியாது ‘ஆம்’ என அழுத்தப் பழகிய விரலுக்கு எச்சரிக்கையால் ஆவதென்ன? வட்டின் பெயரையன்றி அதன் கொள்ளளவையும் தொடரிலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே தொடர்தல் தகும்.

ஏடெழுதியோர் எழுதி முடித்தபின் ஒருவர் வாசிக்க மற்றொருவர் கேட்டு ஒப்புநோக்குவர். விம்பத்துக்கும் ஒப்புநோக்கல் உண்டு. எடுக்கப்பட்ட பைற்றுகளிலிருந்து கணக்கிடப்பெறும் ஒரு சரிபார்ப்பு எண், விம்பத்தோடு சேர்த்து வைக்கப்படும். பின்னொருகால் அவ்வெண்ணை மறுபடி கணக்கிட்டு இரண்டும் ஒத்தாற் பைற்றுகள் மாறவில்லை என்று அறியலாம். ஆனால் மாறாத விம்பம் நல்ல விம்பமாதல் வேண்டுமென்பதில்லை. நச்சுநிரல் புகுந்த பின் எடுத்த விம்பம் நச்சுநிரலையும் பத்திரமாகக் காக்கும். மேலே கூறிய சி.ஐ.எச். 1998 இலேயே பரவத் தொடங்கியது. குறித்த நாள் வரும்வரை வாளாவிருந்தது. முதல்நாள் எடுத்த விம்பம் அதற்கு மருந்தாகாது. எனவே விம்பம் ஒன்றன்று, வேறுவேறு காலத்தன பல வேண்டும். ஒவ்வொன்றும் முழுமையாயின் இடம் போதாது. அதனால் முதலில் முழுவிம்பமும் பின்னர் மாற்றங்களும் எடுப்பர். முந்திய எடுப்பிற்குப் பின் மாறியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டே செல்லின், சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதற்குப் பிற்பட்டன யாவும் பயனற்றவையாம். முழுவிம்பத்தின் பின் மாறிய அனைத்தையும் ஒவ்வொருமுறையும் எடுக்கின் இடம் மிகும். மீட்க இரண்டே போதும். வீட்டுக் கணினிக்குப் பின்னதே ஏற்றது.

எங்கே வைப்பது என்பது எவ்வாறு எடுப்பது என்பதிலும் பெரிய வினா. விம்பத்தை அதே வட்டின் வேறொரு பிரிவில் வைத்தால் வட்டோடு அதுவும் போகும். பீற்றர் குறோக் என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பரப்பிய விதி எளியது: மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்றாயினும் வேறிடத்தில். 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் அழிந்தன. வேறிடத்திற் படியிருந்த நூல்களைப் பின்னர் வாங்க முடிந்தது, படியில்லாதன போயினவே. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடிப் பலருக்கும் எட்டவைத்தமை, இவ்விதியை ஒரு சமூக அளவிற் செய்துகாட்டியதாகும்.

இணைந்தே இருக்கும் காப்பு, காப்பாகாது என்பதற்கு இலங்கையிலேயே அண்மைக்காலச் சான்றொன்று உண்டு. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமை மீது பணயநிரல் தாக்குதல் நிகழ்ந்தது. அரச மின்னஞ்சல் முறைமை விரைவில் மீட்கப்பட்டதாயினும், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துக்குக் காப்பு இல்லாமையால் ஏறத்தாழ 5,000 முகவரிகளின் அக்காலத்து அஞ்சல்கள் இழக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் இதற்கு விலக்காகவில்லை. முறைமை மீண்டது, தரவு மீளவில்லை. இவ்விரண்டும் வேறுவேறு என்பது இந்நிகழ்ச்சியிற் போல வேறெங்கும் தெளிவாகத் தோன்றாது.

இதற்கு மறுதலையானதோர் உண்மைக் கதையும் கூறத்தக்கது. 2017 யூன் 27 இல் ‘நொற்பெற்றியா’ என்னும் அழிவுநிரல் டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. அந்நிறுவனத்தின் வலையமைப்பு முழுவதையும் ஆளும் சேவையகங்கள் உலகெங்கும் பல இருந்தன. ஒன்றன் தரவை ஏனையவும் தம்முள் வைத்திருந்தமையால், எல்லாம் ஒருசேர அழிதல் கூடும் என்று எவரும் எண்ணினாரல்லர். எல்லாம் ஒருசேரவே அழிந்தன, ஒன்றைத் தவிர. ஆபிரிக்காவிலுள்ள கானா நாட்டு அலுவலகத்தில் அந்நேரம் மின்சாரம் நின்றுபோயிருந்தது. அதனால் வலையமைப்பிலிருந்து துண்டுபட்டுக் கிடந்த சேவையகம் மட்டும் தப்பிற்று. அதன் வட்டை ஒருவர் கைக்கு ஒருவர் மாற்றி விமானத்தில் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்று, அதிலிருந்தே வலையமைப்பை மீளக் கட்டினர். 4,000 சேவையகங்களும் 45,000 கணினிகளும் பத்து நாள்களில் மீள நிறுவப்பட்டதாக அந்நிறுவனத் தலைவர் பின்னர் கூறினார். மின்வெட்டைப் பழிக்கும் யாழ்ப்பாணத்தார் அதனைப் புகழ இடமளிக்கும் வரலாறு இஃதொன்றே போலும். கழற்றி அலுமாரியில் வைத்த புறவட்டு, அத்தற்செயலை விரும்பிச் செய்வதாகும்.

பழுதுறத் தொடங்கிய வட்டை எடுப்பது தனிக்கலை. வாசிக்க இயலாத துண்டத்தில் வழக்கமான கருவி நின்றுவிடும். மீண்டும் மீண்டும் முயன்று வட்டின் எஞ்சிய ஆயுளையும் குடிக்கும். ‘டிடிரெஸ்கியூ’ என்னும் மென்பொருள் எளிதில் வருவனவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, வராத இடங்களைக் குறித்து வைத்து, பின்னர் அவற்றுக்குத் திரும்புகின்றது. சிதைந்த ஏட்டைப் பதிப்பித்தோர் வாசிக்க முடியாத இடத்திற் புள்ளியிட்டு மேற்சென்றமையும் இதுவே.

கல்லூரிக் கணினிக்கூடத்திற் பயன் வேறு. ஒரே வகையான முப்பது கணினிகள் இருப்பின் ஒன்றை மட்டும் செம்மையாக அமைத்து, அதன் விம்பத்தை வலையமைப்பு வழியே ஏனைய இருபத்தொன்பதிலும் ஒரேவேளையில் இறக்கலாம். விண்டோஸ் கணினிக்குத் தனக்கெனப் பாதுகாப்பு அடையாள எண் உண்டு. அதனை நீக்கிப் பொதுமையாக்கும் மைக்ரோசொப்டின் ‘சிஸ்பிறெப்’ கருவியை இயக்கிய பின்னரே விம்பமெடுத்தல் முறை. வேறுவகைக் கணினியில் அவ்விம்பத்தை இறக்கினால், வட்டோடு பேசும் இயக்கி பொருந்தாமற் கணினி எழும்போதே நீலத்திரையோடு நின்றுவிடுதல் உண்டு.

இறக்கிப் பார்க்கப்படாத விம்பம் நம்பத்தக்கதன்று. பழைய வட்டொன்றைத் தேடிப்பிடித்து அதில் ஒருமுறை இறக்கி, கணினி எழுகின்றதா என்று கண்ணாற் காணுதல் வேண்டும். வேறு வட்டு இல்லாதோர் விம்பத்தை மாயக் கணினியாக இன்னொரு கணினிக்குள் எழுப்பிப் பார்க்கலாம்.

இவ்வசதியே பழைய விம்பங்களுக்கு எதிர்பாராத மதிப்பொன்றையும் தந்துள்ளது. ஒருங்குறி பரவுமுன் இலங்கையில் தமிழ் தட்டெழுதியோருட் பெரும்பாலார் ‘பாமினி’ எழுத்துருவைக் கையாண்டனர். அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை ஏற்றியது. ஆதலால் அது இல்லாத கணினியில் அக்கால ஆவணம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். மலர்களும் சஞ்சிகைகளும் ‘பேஜ்மேக்கர்’ மென்பொருளிற் பக்கமாக்கப்பட்டன. அக்கோப்புகளைப் புதிய மென்பொருள்கள் திறப்பது அரிது. கோப்பை மட்டும் காத்தவரிடம் இன்று கோப்பு உண்டு, வாசிக்க வழி குறைவு. அக்கணினியின் வட்டை முழுமையாக விம்பமெடுத்து வைத்தவரோ, எழுத்துரு, விசைப்பலகை, பக்கமாக்கும் மென்பொருள், பழைய விண்டோஸ் யாவும் அன்றிருந்தவாறே இருக்க அதனை மாயக் கணினியாக எழுப்பி, மலரின் பக்கங்களைத் திறந்து, அச்சுக்கு ஏற்ற வடிவில் வெளியே எடுத்துக்கொள்கின்றார்.